கொதித்த கூட்டாளி

ஹீட்டரிலிருந்து சோதனைக் குழாயை எடுத்துப் பார்த்த ஆய்வாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெளிவாக இருந்த கரைசல் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகக் கிடந்தது.

சோதனைக்கு முன் இதமான சூட்டில் வைத்துவிட்டு ஒரு வாய் காபி குடிக்கத்தான் போயிருந்தார். சூடோ கொதிநிலையில் இருந்தது. யார் வேலை என்று கேட்கவே வேண்டாம், பக்கத்து மேசைக்காரர்தான். எதற்கும் அவசரப்படாத அவருக்கு ஆய்வகம் வைத்த பெயர் 'சாவகாசம்'.

"ஹீட்டரைக் கொதிக்க விட்டுட்டு மறந்துட்டீங்களா?"

"அப்படியா ஆச்சு?" என்றார் சாவகாசம், தலையைத் தூக்காமலே.

செடியின் செல்லுக்குள் மையப் புரதம் என்று ஒன்று உண்டு. கச்சிதமாக மடிந்து, தனக்கென்று ஓர் உருவத்தோடு உட்கார்ந்திருக்கும் பெரிய மனுஷன். அதைத் தேடி வரும் கூட்டாளிகளுக்குச் சொந்த உருவமே கிடையாது. அவிழ்ந்த நூல் போலத் திரிந்துவிட்டு, மையத்தைப் பிடித்த பிறகுதான் ஒரு வடிவத்துக்கு வரும். வெயிலையும் வறட்சியையும் செடி தாங்குவதில் இந்தப் பிடிக்குப் பங்குண்டு.

அப்படி ஒரு கூட்டாளியை ஆய்வாளர் பாக்டீரியாவில் வளர்த்துப் பிரித்து, இந்தக் குழாயில் போட்டு, கைக்குழந்தை போல ஐஸில் வைத்துக் காத்துவந்தார். என்ன காத்து என்ன? பாக்டீரியாவின் புரதங்களும் அழையா விருந்தாளிகளாகக் கூடவே வந்து, ஒவ்வொரு சோதனையையும் கெடுத்தன. சாவகாசம் யோசனை சொல்ல வாயெடுத்தாலே, தன் குழாய் விஷயத்தில் யாரும் தலையிட வேண்டாம் என்று ஆய்வாளர் அடக்கிவிடுவார்.

இன்று துறைத்தலைவர் வருகிறார். இரண்டு புரதமும் சேர்வதைக் காட்டாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா, ஆய்வாளரின் வேலைக்கும் சேர்த்து.

குழாயை ஐஸில் புதைத்தார். கட்டி கரையவில்லை. சென்ட்ரிஃப்யூஜில் போட்டுச் சுற்றவிட்டார். கட்டியெல்லாம் அடியில் படிந்து, மேலே வெறும் தண்ணீர் நின்றது. அதை வேறு குழாய்க்கு மாற்றிவிட்டு, அடியில் இருந்ததையாவது கரைக்கலாம் என்று எடுத்தபோது குழாய் நழுவி, அத்தனையும் தொட்டியில் கொட்டிப்போயிற்று. மாதக்கணக்கான பாடு சாக்கடைக்குப் போவதைப் பார்த்து அவருக்கு அழுகை முட்டியது.

அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் உள்ளே வந்தார். வேறு வழியில்லை. மிச்சமிருந்த தண்ணீரையே மையப் புரதத்தோடு சேர்த்து, பிடிப்பை அளக்கும் கருவியில் வைத்துவிட்டு, ராஜினாமாவை எப்படிச் சொல்வதென்று யோசிக்கத் தொடங்கினார்.

திரையில் கோடு மெல்ல எழுந்தது. ஏறியது. ஏறிய இடத்திலேயே நின்றது.

"நல்லாப் பிடிச்சிருக்கே. இவ்வளவு சுத்தமா எப்படி எடுத்தீங்க?"

ஆய்வாளர் உண்மையைக் கொட்டிவிட்டார். கொதித்தது, சுற்றியது, கொட்டியது எல்லாவற்றையும்.

துறைத்தலைவர் சிரித்துவிட்டார். "உருவம் இருக்கிற புரதம்தாங்க கொதிச்சா கெட்டுத் திரியும். உங்க கூட்டாளிகிட்ட கெட்டுப்போக என்ன இருக்கு? அது தண்ணியிலயே நின்னுடுச்சு. நீங்க கொட்டினது பாக்டீரியாவோட குப்பை. திட்டம் தொடரட்டும்."

அவர் போனதும் ஆய்வாளருக்குப் போன உயிர் திரும்பியது. முதல்முறையாகப் பக்கத்து மேசையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"நல்லவேளை, நீங்க மறந்தீங்க."

சாவகாசம் இப்போதுதான் தலையைத் தூக்கினார்.

"யாருங்க மறந்தா? நீங்க குழாயை வெச்சுட்டுக் காபிக்குப் போனப்புறம்தானே நான் சூட்டையே ஏத்தினேன்."