ஒரு சுளுக்கும் ஒரு மஞ்சள் போர்வையும்

சாங்வோன் பஸ்ஸில் இனிமேல் கால் வைப்பதில்லை என்று மான்சோக் சபதம் போட்டு ஏழு மாதம் ஆகிறது. சாங்வோனில்தான் அவருடைய ஒரே மகள் மிராங் இருக்கிறாள். மாப்பிள்ளை தோக்யோம் இருக்கிறான். பிறந்து நாற்பது நாளான பேத்தி சோதாமும் அங்கேதான் இருக்கிறாள். பேத்தியை அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. சபதம் என்றால் சபதம். முப்பத்தெட்டு வருஷம் நெத்திலிப் படகை ஓட்டிய மனுஷன். புயலுக்கே ஒதுங்காதவர், ஒரு பொடிப்பயலுக்கா ஒதுங்குவார்?

வீட்டில் மனைவி ஒக்சிமுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் இத்தனை வருஷமாகக் குடும்பம் ஓடுகிறது என்பது வேறு விஷயம். அவர்கள் ஊரான தொங்யோங் துறைமுகத்தில் அதை யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

நடந்தது இதுதான். போன அறுவடைப் பண்டிகைக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் மான்சோக் தன் கையாலேயே மாப்பிள்ளைக்கு சோஜு சாராயம் ஊற்றிக் கொடுத்தார். பெரியவர் ஊற்றிக் கொடுத்தால் சின்னவன் இரண்டு கையாலும் வாங்கி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டுதான் குடிக்க வேண்டும். படகில் எடுபிடி வேலை செய்கிறவனுக்குக்கூடத் தெரிந்த மரியாதை. இந்த வங்கி உத்தியோகஸ்தன் என்ன செய்தான்? மாமனார் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி மடக்கென்று குடித்தான்.

"அவருக்குக் கழுத்து சுளுக்குப்பா. ரெண்டு நாளா தலையைத் திருப்ப முடியல" என்றாள் மிராங்.

"ஆமாமா. எல்லாருக்கும் குடிக்கிற நேரம் பார்த்துத்தான் சுளுக்கும்" என்றார் மான்சோக்.

அதற்கு மேல் அவர் பேசியதை எழுதினால் தாள் கருகிவிடும். மசக்கையோடு இருந்த மிராங், சாப்பாட்டின் பாதியில் புருஷனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனவள்தான். 'அவன் வந்து மன்னிப்புக் கேட்கட்டும்' என்று இவர் காத்திருந்தார். அவன் இரண்டு தடவை போன் பண்ணினான். இவர் எடுக்கவில்லை. எடுத்தால் மன்னித்துவிடுவோமோ என்று பயம்.

குழந்தை பிறந்தபிறகு ஒக்சிம் வாரம் ஒருநாள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கடற்பாசி சூப்பும் கையுமாக சாங்வோன் போய்வந்தாள். வரும்போது போன் நிறைய குழந்தையின் முகப் படம். அவள் படம் பார்க்க உட்கார்ந்தால் போதும், மான்சோக் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்.

"என் கண்ணாடியைப் பார்த்தியா?"

"உங்க மூக்கு மேல இருக்கு."

"அது பழசு. புதுசைக் கேட்டேன்."

"புதுசுன்னு ஒண்ணு கிடையாது. பேசாம உட்கார்ந்து பாருங்க."

"எனக்கெதுக்கு?" என்று சொல்லிவிட்டு, அடுத்த படம் வரும்வரை அங்கேயே நிற்பார். குழந்தையின் இடது காது மேல்பக்கம் கொஞ்சம் மடங்கியிருக்கும். அவருக்கும் அப்படித்தான். அந்தக் காதை ஒருதரம் விரலால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வழியில்லை.

இந்த நிலையில் ஒருநாள் ஒக்சிம் வெளிர் மஞ்சள் உல்லன் நூலும் குரோஷா ஊசியுமாக உட்கார்ந்தாள். நூறாம் நாள் விருந்துக்குக் குழந்தைக்கு ஒரு போர்வை. ஒரு வரி அலை, ஒரு வரி சிப்பி, ஒரு வரி பாப்கார்ன். குழந்தை விரலால் தடவினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி தட்டுப்பட வேண்டும். பெரியவளானபிறகும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். யோசனை பிரமாதம். பின்னல்தான் கோணல்மாணல்.

மான்சோக் செய்தித்தாளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். தாங்க முடியவில்லை.

"என்ன முடிச்சு இது! இந்த வலையில நெத்திலிகூட சிக்காது."

"மணிக்கட்டு வலிக்குது மிராங்கப்பா. இழுத்துப் பிடிக்க முடியல."

"அப்ப விட்டுடு."

"விட்டுட்டு? சம்பந்தியம்மா தங்க மோதிரத்தோட வருவாங்க. 'நீங்க என்ன கொண்டு வந்தீங்க'ன்னு கேட்டா, மணிக்கட்டு வலின்னு சொல்லவா?"

"கடையில வாங்கு."

"எங்க வீட்டுல ஒரு ஆம்பள நாப்பது வருஷமா வலை பின்னினாருன்னு சொல்லிக்கிட்டே கடையில வாங்கிக் குடுக்கிறேன். ஹும், வலை பின்றது வேற, இது வேற. இதுக்கெல்லாம் பொறுமை வேணும். ஆம்பள கை சரிப்படாது."

"எது சரிப்படாது? கொண்டா இப்படி!"

அவ்வளவுதான். மீன் தானாகப் படகில் குதித்தது.

மான்சோக்குக்கு ஒரே ஒரு நிபந்தனை. பின்னுவது அவர் என்று ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது. போர்வை ஒக்சிம் பெயரில் போக வேண்டும். "சத்தியமா" என்றாள் அவள். மணிக்கட்டை வேறு பிடித்துக்கொண்டாள்.

பாப்கார்ன் முடிச்சு லேசுப்பட்டதில்லை. ஒரே கண்ணியில் ஐந்து தடவை நூல் கோத்து, ஊசியை உருவி, முதல் தடவை கோத்ததற்குள் விட்டு ஒரு இழு இழுத்தால் பொரி மாதிரி புடைத்து நிற்கும். மான்சோக் ஒரே வாரத்தில் பிடித்துவிட்டார். விடிந்ததும் உட்கார்வார். குனிந்த தலை நிமிர்வது கிடையாது. இரண்டாவது வாரம் பதினேழு வரி முடித்து, புலியை அடித்தவர் மாதிரி தூக்கிக் காட்டினார்.

ஒக்சிம் பார்த்தாள். "அந்தப் பக்கம் திருப்புங்க."

திருப்பினார். பாதிப் பொரி முன்பக்கம், பாதிப் பொரி பின்பக்கம். திரும்பி வரும் வரிகளில் ஊசியைப் பின்னாலிருந்து விட்டிருக்க வேண்டும். அவர் முன்னாலிருந்தே விட்டிருக்கிறார்.

"குழந்தைக்கு ரெண்டு பக்கமும் பொரி கிடைச்சா நல்லதுதானே?"

"பிரிங்க."

"பதினேழு வரி!"

"பிரிங்கன்னேன்."

நுனியைப் பிடித்து இழுத்தார். சரசரவென்று வந்தது. இரண்டு வாரத்து வேலை காப்பி ஆறுவதற்குள் மடியில் சுருள் சுருளாகக் கிடந்தது. நூலுக்கு ஒன்றும் ஆகவில்லை, கொஞ்சம் நெளிந்திருந்தது, அவ்வளவுதான். மான்சோக் அதைக் கண்டாகச் சுற்றினார். பின்னியது தப்பானால் பிரித்துவிடலாம். பேசியது? எந்த நுனியைப் பிடித்து இழுத்தால் அந்த மேசைப் பேச்சு பிரிந்து வரும்? ஒக்சிம் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று கண்டை உயரத் தூக்கிச் சுற்றினார்.

மறுபடி முதல் வரி. இந்தத் தடவை ஒழுங்காக வளர்ந்தது. எண்பதாம் நாளுக்குள் முக்கால் போர்வை ஆகிவிட்டது. கழுத்துதான் போய்விட்டது. ஒருநாள் காலையில் எழுந்தார். தலை நேராக நின்றுவிட்டது. எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமானாலும் மொத்த ஆளும் திரும்ப வேண்டியிருந்தது, இடப்பக்கம்தான் ரொம்ப மோசம்.

அன்றைக்கென்று பார்த்துப் பக்கத்து வீட்டு கூ அண்ணன் வர வேண்டும்! எண்பத்திரண்டு வயது, மான்சோக்குக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பழைய படகுச் சொந்தக்காரர். கையில் ஒரு புட்டி மாக்கொல்லி, வெள்ளை வெளேரென்ற அரிசிக் கள். மான்சோக் போர்வையைச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினார். பாதிதான் போயிற்று.

"என்னடா அது?"

"வலைண்ணே."

"வலை ஏன் மஞ்சளா இருக்கு? அதுவும் கம்பளி!"

"இந்தக் காலத்து மீனுக்குக் குளிர் தாங்கலண்ணே."

கூ அண்ணன் நல்லவேளையாக அதற்குமேல் கேட்கவில்லை. கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார். மான்சோக் இரண்டு கையாலும் வாங்கினார். திரும்ப வேண்டும். கழுத்து மாட்டேன் என்றது. தோளோடு சேர்ந்து திரும்பப் பார்த்தார். இடுப்புவரை பளீரென்று ஒரு வலி. ஊற்றியதைக் குடிக்காமல் கீழே வைப்பது அதைவிடப் பெரிய குற்றம். வேறு வழியில்லாமல் பெரியவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி மடக்கென்று குடித்தார்.

கூ அண்ணன் தன் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"மான்சோக், உனக்கு வயசு என்ன?"

"அறுபத்தேழுண்ணே... அண்ணே, கழுத்து சுளுக்கு!"

"அது சரி. எல்லாருக்கும் குடிக்கிற நேரம் பார்த்துத்தான் சுளுக்குது."

எழுந்து போய்விட்டார். புட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்.

மான்சோக் காலிக் கிண்ணத்தைக் கையில் உருட்டினார். உண்மையைச் சொல்லியும் ஒருத்தர் நம்பாமல் எழுந்து போனால் இப்படித்தான் இருக்குமா? அந்தப் பையன் அன்றைக்கு மேசையில் எத்தனை நேரம் இப்படி உட்கார்ந்திருந்தான்! இரண்டு தடவை போன் வேறு பண்ணினான். மான்சோக்குக்கு வெட்கமாக இருந்தது. காது மடல்வரை சுட்டது.

ஒக்சிம் உள்ளேயிருந்து வந்து அவர் கழுத்தில் வலிப் பட்டை ஒன்றை ஒட்டினாள். அழுத்தித் தேய்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கும் இடது பக்கம்தான்" என்று மட்டும் சொன்னாள்.

தொண்ணூற்றாறாம் நாள் போர்வை முடிந்தது. அலை, சிப்பி, பொரி எல்லாம் முன்பக்கம். ஒரே ஒரு ஓரம் மட்டும் லேசாக உள்வாங்கியிருந்தது. மான்சோக் அதை நீவி நீவி மடித்தார். போகத்தான் ஆசை. ஆனால் எந்த மூஞ்சியோடு போவது? ஒன்பது மாதம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, தானாகவே போய் நின்றால் என்ன மரியாதை?

"கூரியர்ல அனுப்பிடு" என்றார்.

"அனுப்பலாம்தான்" என்றாள் ஒக்சிம். "ஏங்க, நூறாம் நாள் பலகாரம் வாங்கினவங்க தட்டைக் காலியா திருப்பாம நூல் வெச்சுத் தர்றாங்களே, எதுக்கு?"

"இதென்ன கேள்வி? நூல்னா ஆயுசு. நூல் மாதிரி நீளமா வாழட்டும்னு."

"அப்ப, நூலை எந்தக் கை பின்னிச்சோ அந்தக் கைதான் குழந்தைக்குப் போர்த்தணும். வேற கை பட்டா ஆயுசுல ஒரு கண்ணி நழுவிடுமாம்."

"நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"ஆம்பளைங்க காதுல இதெல்லாம் எப்ப விழுந்திருக்கு? உங்களுக்குத்தான் மரியாதை, முறைன்னா உசுராச்சே. முறைப்படி செய்யறதா, கூரியர்ல ஆயுசை அனுப்பறதா, நீங்களே முடிவு பண்ணுங்க."

மான்சோக் ஐந்து நிமிஷம் யோசித்தார். யோசிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் சரி. அப்பாடா, ஒரு வழி கிடைத்ததே!

"பேத்தி ஆயுசுக்காகத்தான் வர்றேன். அவனுக்காக இல்ல. தெரிஞ்சுக்கோ."

"தெரியும், தெரியும். சட்டையை மாத்துங்க."

நூறாம் நாள் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரமும் போர்வைப் பையை மடியை விட்டு இறக்கவில்லை. மாடிப்படியில் மட்டும் ஒரு நிமிஷம் நின்றார். கதவைத் திறந்தது தோக்யோம்தான். பார்த்ததும் அவன் முகம் வெளிறியது. இடுப்பை வளைத்து ஆழமாகக் குனிந்தான். மான்சோக் என்னென்னவோ சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு, கோட்டுப் பையிலிருந்து வலிப் பட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"கழுத்துக்கு. நல்லா கேக்குது. அன்னிக்கு... நான்தான் தப்பு."

"அய்யோ மாமா, உள்ள வாங்க" என்றான் தோக்யோம். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மிராங் உள்ளே நின்று அழுதுகொண்டே சிரித்தாள்.

கூடத்தில் வெள்ளை அரிசிப் பலகாரம், பழங்கள், நடுவில் குட்டி மெத்தை. மெத்தையில் சோதாம் கண்ணை உருட்டிக்கொண்டு படுத்திருந்தாள். மான்சோக் மண்டியிட்டு உட்கார்ந்து, விரலை நீட்டி அந்த மடங்கிய காதைத் தொட்டார். குழந்தை அவர் விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஆயுசு ஞாபகம் வந்து, மற்றக் கையால் பையிலிருந்து போர்வையை உருவினார். அப்போதுதான் கவனித்தார். குழந்தை ஏற்கெனவே ஒரு போர்வை போர்த்தியிருந்தது.

வெளிர் மஞ்சள். ஒரு வரி அலை, ஒரு வரி சிப்பி, ஒரு வரி பாப்கார்ன். ஓரம் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது.

"இது... யாரு பின்னினது?"

"அம்மாதான். குழந்தை பிறந்த இருபதாம் நாளே குடுத்துட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள் மிராங்.

மான்சோக் மொத்த ஆளாகத் திரும்பினார். ஒக்சிம் வலித்த கையாலேயே ஒரு பெரிய பலகாரத் தட்டைத் தூக்கி மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, அப்போ ரெண்டு மாசமா கழுத்து ஒடிய நான் இதை எதுக்குப் பின்னினேன்?"

ஒக்சிம் தட்டை நேராக வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அது குழந்தையைப் போர்த்த. இது உங்களைக் கட்டி இழுத்துட்டு வர."