சோடி அண்ணையும் பத்தொன்பதாயிரத்து இருநூறு வயதும்

யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டருக்காக மினிபஸ்ஸில் சண்டை பிடித்த ஒரே மனிதர் சோடி அண்ணைதான்.

நானும் அவரும் பட்டணத்தில் ஒரே கொம்பியூட்டர் நிலையத்தில் வேலை பார்த்தோம். பஸ்ஸில் கொண்டக்டர் ஒரு புருசன் பெண்சாதியைத் தனித்தனி சீற்றில் இருத்திவிட்டால் போதும், அண்ணை எழும்பிவிடுவார்.

"தம்பி, கொம்பியூட்டரிலை பைற் எண்டது ஒரு சீற் மாதிரி. ரெண்டு பைற் இலக்கத்தை இப்பிடிப் பிரிச்சு வைச்சால் மெசின் அதை எடுக்க ரெண்டு தரம் அலைய வேணும். ஒரு சீற் காலியாக் கிடந்தாலும் பரவாயில்லை, சோடியை ஒண்டா இருத்து!"

"காலியா விட எனக்கென்ன விசரே? உள்ளுக்கை போங்கோ, அண்ணை!" என்பான் கொண்டக்டர். நான் அவரைத் தெரியாதவன்போல யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சி மொழியில் புரோகிராம் எழுதும்போதும் அவருக்கு இதே கதைதான். ஓர் எழுத்துக்குப் பின்னால் ஓர் எண் வந்தால், எழுதியதை மெசினுக்கு விளங்க மாற்றித் தரும் சில கொம்பைலர்கள் அந்த எண்ணை இரட்டைப்படை இடத்தில் வைக்க நடுவில் ஒரு பைற்றை வெறுமையாக விடும். சில விடாது.

"அந்த வெறும் பைற்றை நீயே போட்டு எழுது. மற்ற மெசின் என்ன செய்யுமெண்டு உனக்குத் தெரியாது," என்பார்.

"ஒரு பைற்றுக்கு இவ்வளவு கதையே, அண்ணை?" என்றேன். நான் அப்போது ஒன்றரைப் புத்தகம் படித்த மேதாவி.

பட்டணத்தில் இலவசக் கண் சத்திரசிகிச்சை முகாம் வந்தது. அச்சுவேலியில் ஒரு மெசினில், நானே எழுதிய புரோகிராமில், மூன்று நாளாக நோயாளிகளின் விபரத்தைப் பதிந்தேன்: பெயர், ஆணா பெண்ணா என்று ஓர் எழுத்து, வயது. அண்ணை சொன்ன வெறும் பைற்றை நான் போடவில்லை. முகாமன்று அதைப் பதிந்த பிளொப்பித் தட்டோடு போய், அங்கே கொண்டுவந்து வைத்திருந்த எங்கள் நிலையத்து மெசினில் அச்சடித்தேன்.

முதல் ஆளுக்கு வயது பத்தொன்பதாயிரத்து இருநூறு! இரண்டாமவரான கந்தையாவின் முதல் ஆங்கில எழுத்து K எண்ணாக மாறி அந்த வயதுக்குள் போய்விட, அவர் 'அந்தையா' ஆகிவிட்டார். மூன்றாமவருக்கு இரண்டு எழுத்தைக் காணோம். பத்தாவது ஆளுக்குப் பெயரே இல்லை.

"தம்பி, வந்திருக்கிறது நோயாளியளோ முனிவர்மாரோ?" என்றார் முகாம் பொறுப்பாளர். பட்டியல் இல்லாமல் ஒருவரையும் உள்ளே எடுக்க முடியாது. டொக்டர் பின்னேரம் திரும்ப வேண்டும். வெளியே வாங்கில்களில் குந்தியபடி கண் தெரியாத சனம் காலையிலிருந்து காத்திருந்தது. நான் பிளொப்பியைத் திட்டினேன், ஜெனரேற்றரைத் திட்டினேன், வெயிலையும் விடவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு அண்ணைக்கு ஆள் அனுப்பினேன்.

சைக்கிளில் வந்தவர் கடதாசியைப் பார்த்தார். "அச்சுவேலியிலை நெருக்கி அடுக்கினது. இஞ்சை ஒரு பைற் இடம் விட்டு வாசிக்குது," என்றார். கொம்பைலரில் ஒரு தெரிவை மாற்றி, மறுபடி ஓட்டினார். கந்தையா முழுதாக வந்து சேர்ந்தார்.

"ஆரின்ரை பிழை இது?" பொறுப்பாளர் விடவில்லை. நான் வாய் திறக்குமுன் அண்ணை முந்திக்கொண்டார்.

"ரெண்டு மெசினுக்கும் ஒத்துவரேல்லை, ஐயா. பொடியன் பாவம், மூண்டு நாளா நித்திரையில்லாமல் ரைப் பண்ணினவன்."

மூன்று நாளும் நான் குறட்டை விட்டுத் தூங்கியவன். எனக்காக அவ்வளவு கூசாமல் பொய் சொன்ன மனிதரை, பஸ்ஸில் தெரியாதவன்போல இருந்தேனே என்று இன்றைக்கும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.