நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு ஆட்சேபணை இல்லை

கிமராஸ் தீவு, பிலிப்பைன்ஸ்,
அக்டோபர் 22, செவ்வாய்.

அன்பு மகள் மரிவெலுக்கு,

உன் அப்பா, ஓய்வுபெற்ற தபால் அதிகாரி தியோபிஸ்டோ கடியானோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நாயும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே அரிசோனாப் பாலைவனத்தில் நீயும் கணக்கு வராத உன் மாணவர்களும் சௌக்கியமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா நடுவில் புகுந்து கோழி முட்டை போட்ட கதையைச் சொல்லுவாள், விஷயம் கெட்டுப்போகும். முக்கியமான சமாச்சாரம் என்றால் அது தபாலில்தான் போக வேண்டும். முப்பத்தொரு வருஷம் இந்தத் தீவின் தபாலாபீஸில் உட்கார்ந்திருந்தவன் நான். என் காலத்தில் ஒரு கடிதம் தாமதமானதில்லை. பிடேலா ஒரு தடவை சந்தையில் நின்றுகொண்டு 'தபால் லேட்டு' என்று நாலு பேர் காதுபட சொன்னாள். நாலு வருஷம் அவளோடு நான் பேசவில்லை, அது உனக்கே தெரியும்.

பதிவுத் தபால் வாங்கும்போது முகவரியைத் திருப்பிப் படித்துக் காட்டுவது என் வழக்கம். அதே மாதிரி நீ எழுதியதை நான் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பார்த்துக்கொள். நீ போயிருப்பது பரிமாற்ற விசாவில். அந்த விசாவில் போனவர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு வருஷம் இருக்க வேண்டும். கற்றதை ஊருக்குக் கொடுத்த பிறகுதான் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க விண்ணப்பிக்கலாம். உன் பள்ளிக்கூடத்துக்கோ உன்னை விட மனசில்லை, நிரந்தரமாகக் குடியிருக்க அவர்களே எழுதிப் போடுகிறோம் என்கிறார்கள். அதற்கு முன்னால் இந்த இரண்டு வருஷ நிபந்தனையிலிருந்து உனக்கு விலக்கு வேண்டும். விலக்கு வேண்டுமென்றால் 'இந்தப் பெண் திரும்பி வராததில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று நம் அரசாங்கம் எழுதித் தர வேண்டும். அதற்கான காகிதங்களை எல்லாம் நீ ஓர் உறையில் போட்டு, என்னை உன் பிரதிநிதியாக நியமித்து அனுப்பினாய். நான் அதை மணிலா அலுவலகத்தில் இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் நீ பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சரிதானே?

உறை முதல் தேதியே வந்துவிட்டது. மறுநாளே கிளம்பியிருப்பேன். ஆனால் உறைக்குள் குறையாக இருந்தது ஒரே ஒரு காகிதம், நான் இந்த ஊர்க்காரன்தான் என்பதற்குக் நாம் கேப்டன் என்கிற கிராமத் தலைவர் தரும் சான்று. ஐந்து நிமிஷ வேலை என்று கேப்டன் ஒனோஃப்ரேயிடம் போனேன். எதற்குச் சான்று என்று கேட்டார். அங்கேதான் நான் தப்புப் பண்ணிவிட்டேன், உண்மையைச் சொல்லிவிட்டேன். அரசாங்கம் ஆட்சேபணை இல்லையென்று எழுதித் தர வேண்டும் என்றேன். மனுஷன் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அண்ணே, அரசாங்கம்னா மணிலாவுல இருக்கறது மட்டுந்தானா? இந்த ஊருக்கு அரசாங்கம் நான்தானே. எங்களுக்கு ஆட்சேபணை இருக்கா இல்லையான்னு எங்களையே கேக்காம, அவனுங்க எப்படி எழுதிக் கொடுப்பானுங்க?"

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கு அப்போது பட்டது. அடுத்த சனிக்கிழமை ஊர்க் கூட்டம் என்று அறிவித்துவிட்டார். அதோடு விட்டாரா? கடைத்தெருவில் பத்தடி நீளத்துக்குப் பேனர் கட்டிவிட்டார். 'நம் ஊர் ஆசிரியை மரிவெல் கடியானோவுக்கு வாழ்த்துகள்' என்று ஓர் ஓரத்தில் உன் படம், அதுவும் பதினேழு வயதில் மாம்பழத் திருவிழாவில் நீ தலையில் பழக்கூடையோடு நின்ற படம். மற்ற ஒன்பதடியிலும் கேப்டனின் முகம். பேனரில் முகம் வந்த வீட்டார் ஊருக்குச் சோறு போட வேண்டும், அது உனக்குத் தெரியும். கேப்டனும் முகம் காட்டியிருக்கிறாரே, அவர் பாதிச் செலவை ஏற்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன், அவர் அரசாங்கமாம், அரசாங்கம் சோறு போடாதாம். கடைசியில் நம் வீட்டுப் பன்றிதான் போயிற்று. எந்தப் பன்றி என்று கேட்காதே. நீ வரும்போது சுடலாம் என்று உன் அம்மா இரண்டு வருஷமாகக் கஞ்சி ஊற்றி வளர்த்தாளே, அதே பன்றி. நீ வராமல் இருக்க ஊர் சம்மதிப்பதற்காக அதை முழுசாகச் சுட்டு வாழையிலை மேல் வைத்தோம், தோல் நன்றாகவே மொறுமொறுவென்று வந்திருந்தது.

கூட்டத்தில் கேப்டன் எழுந்து, மரிவெல் திரும்பி வராததில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று மைக்கில் கேட்டார், இல்லாதவர்கள் கையெழுத்துப் போட ஒரு தாளையும் வைத்தார். முதலில் பிடேலாதான் எழுந்தாள். வாயில் கறி, கையில் இலையில் சுற்றிய ஒட்டரிசிப் பலகாரம், ஆனாலும் ஆட்சேபணை. "என் மகன் ஆர்னெல் உங்க பொண்ணைக் கட்டிக்கணும்னு மூணு வருஷம் உங்க வீட்டுக்குத் தண்ணி தூக்கினான், விறகு பொளந்தான். அதுக்கு ஒரு பதில் சொல்லிட்டு அவ எங்க வேணா போகட்டும்" என்றாள். ஆர்னெலோ பெண்டாட்டி பிள்ளைகளோடு அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான், பாவம், குழந்தைக்குக் கறியை ஊட்டுவது போல் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய பெண்டாட்டி எழுந்து, தனக்கு ஆட்சேபணையே இல்லை, இன்னும் தூரமாகப் போனாலும் சரிதான் என்று கையெழுத்துப் போட்டாள். அதற்கப்புறம் கோயில் பாட்டுக்குழு, உன் குரல் இல்லாமல் ஈஸ்டர் பாட்டு கட்டை வண்டி மாதிரி போகிறது என்று ஓர் ஆட்சேபணை. பல் டாக்டர், நீ பாதியில் விட்ட கடைவாய்ப் பல்லைப் பற்றி ஓர் ஆட்சேபணை. ஒவ்வொன்றையும் கேப்டன் விசாரித்து, சமாதானம் பேசி, தள்ளுபடி செய்துகொண்டே வந்தார்.

அப்புறம் தலைமையாசிரியை கொன்சோர்சியா எழுந்தார். அவர் எழுந்ததும் சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. நீ போனதிலிருந்து நம் பள்ளியில் கணக்கு டீச்சர் இல்லை, இரண்டு வகுப்பை ஒன்றாக்கி அறுபத்தெட்டுப் பிள்ளைகளை அவரே வைத்துக்கொண்டு மாரடிக்கிறார். ஆட்சேபணை சொல்ல இந்த ஊரில் ஒரே ஆளுக்கு உரிமை உண்டென்றால் அது அவருக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். "எனக்கு அவ வேணும். நாளைக்கே வேணும்" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார். "என் பொண்ணு ரியாத்துல நர்ஸா இருக்கா. அவளுக்கு ஒரு காகிதம் வேணும்னா நான் இப்படி எந்திரிச்சு நிப்பனா? பேனாவைக் கொடுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தால் நூற்று நாற்பத்து மூன்று கையெழுத்து. முதல் கையெழுத்து உன் அம்மாவுடையது. கேப்டன் தாளை என்னிடம் நீட்டினார். பேனா எழுதவில்லை. மழைக்காலத்தில் பேனாக்கள் அப்படித்தான், நீ வேறொன்றும் நினைத்துக்கொள்ளாதே. கேப்டன் சான்றை எழுதிக் கொடுத்துவிட்டார்.

இனிமேல்தான் துக்கமான பகுதி, மனசைத் தேற்றிக்கொண்டு படி. முழங்கால் வலி விட்டதும் நேற்றுத் திங்கட்கிழமை காலையில் உறையை எடுத்துக்கொண்டு இலோய்லோ போகும் படகில் ஏறினேன், அங்கிருந்து மணிலாவுக்கு விமானம் பிடிக்க. நடுக்கடலில் காற்று கிளம்பிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் சண்டைச் சேவல் கூடையை விட்டுப் பறந்து என் முகத்தில் மோதிற்று. ஒரு கையில் உறை, மறு கையில் சேவல், தலையில் தொப்பி. தொப்பி பறக்கப் பார்த்தது. பழக்கதோஷம், மகளே, தொப்பியைப் பிடித்துவிட்டேன். உறை கடலோடு போயிற்று. படகுக்காரன் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தான், ஒன்றும் அகப்படவில்லை. இதில் தபால் இலாகாவின் தப்பு எதுவும் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்.

ஆகவே, கடவுள் சித்தம் இப்படி இருக்கும்போது நாம் என்ன செய்ய முடியும்? இரண்டே இரண்டு வருஷம். எழுநூற்று முப்பது நாள். நான் எண்ணிப் பார்த்துவிட்டேன், நடுவில் லீப் வருஷமும் வரவில்லை. நம் பள்ளியில் கணக்கு டீச்சர் இடம் காலியாக இருக்கிறது. உன் அறைக்குத் தற்செயலாகப் பச்சைப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. பின்பக்கத்து மாமரம் அடுத்த ஏப்ரலில் காய்க்கும் போலிருக்கிறது, புதுப் பன்றிக்குட்டி ஒன்றும் வாங்கியாயிற்று. அமெரிக்காக்காரன் போட்ட சட்டங்களில் எனக்குப் புரிந்ததும் பிடித்ததும் இந்த இரண்டு வருஷ நிபந்தனை ஒன்றுதான். அவ்வளவு பெரிய நாட்டுக்காரன், ஒரு தகப்பன் மனசைத் தெரிந்து சட்டம் போட்டிருக்கிறான் பார்.

உன் தலைமையாசிரியருக்கு என் வணக்கம். வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சோறு சாப்பிடு, ரொட்டியை நம்பாதே. மாதாவின் கை உன் தலைமேல் எப்போதும் இருக்கட்டும்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
தியோபிஸ்டோ

பின்குறிப்பு, அக்டோபர் 26, சனிக்கிழமை

மரிவெல், அம்மா எழுதறேன். மேல இருக்கற கடைசிப் பக்கத்துல ஒரு வரியையும் நம்பாதே. உங்கப்பாவுக்குத் தொப்பியே கிடையாது.

படகும் இல்ல, சேவலும் இல்ல. திங்கட்கிழமை முழுக்க உன் ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருந்தாரு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இந்தக் கடிதத்தை ஒட்டி என் கையில கொடுத்து, முழங்கால் வலிக்குது, நீயே போட்டுட்டு வான்னாரு. கையில போன் இருக்கறப்ப ஒரு மனுஷன் மகளுக்குக் கடிதம் எழுதினா அதுல என்னவோ இருக்குன்னுதானே அர்த்தம்? தபால்ல உன் கைக்கு வர்றதுக்கு மூணு வாரம் ஆகும், அதுக்குள்ள வெள்ளிக்கிழமை போயிடும்னு கணக்குப் போட்டிருக்காரு. தபாலாபீஸரைக் கட்டிக்கிட்ட இந்த முப்பத்தொம்பது வருஷத்துல அடுத்தவங்க கடிதத்தை நான் பிரிச்சதில்ல. இதைப் பிரிச்சேன்.

புதன்கிழமை பூரா தேடினேன், உறை உன் ரூம் அலமாரி மேல, அவரோட பழைய தபால் பையில, ஒரு மடிப்புக் கூட கலையாம இருந்துச்சு. வியாழக்கிழமை காலையில காபியோட அதையும் அவர் முன்னால வெச்சேன்.

"ரெண்டே வருஷந்தானே, பெலிசிங்" அப்படின்னாரு.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? அந்தப் பன்னிக்கு ரெண்டு வருஷமா கஞ்சி ஊத்தினது யாரு?" அப்படின்னேன். "அவ உங்ககிட்டக் கேட்டது ஒரே ஒரு வேலை. ஒரு உறையை எடுத்துட்டுப் போயி எழுதியிருக்கற இடத்துல கொடுக்கறது. முப்பத்தொரு வருஷம் அந்த வேலையைத்தானே செஞ்சீங்க?"

காபியைக் குடிக்கல. பழைய தபால் சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டாரு, இப்ப வயித்துல பட்டன் போடவே முடியல. இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுன்னு சொல்லிட்டு அடுத்த படகுல போயிட்டாரு. நான் கிழிக்கல. உன் அப்பா உன்னை எவ்வளவு தேடறாருன்னு உனக்குத் தெரியணும். வர்றதும் வராததும் உன் இஷ்டம், இதைப் படிச்சுட்டு அழுதுக்கிட்டு ஓடி வராதே.

நேத்து வெள்ளிக்கிழமை மூணரை மணிக்கு மணிலாவுலேர்ந்து போன் பண்ணினாரு. கொடுத்தாச்சு, ரசீது வாங்கியாச்சு. ஊர்க்காரங்க கையெழுத்துத் தாளையும் சேர்த்து நீட்டினாராம், இதெல்லாம் வேணாம் ஐயான்னு அந்த ஜன்னல்ல இருந்த பொண்ணு திருப்பிக் கொடுத்துடுச்சாம். அதுல இப்ப நூத்து நாப்பத்து நாலு பேரு இருக்காங்க. படகுல பேனா எழுதிடுச்சாம்.

அந்தப் பொண்ணு, ஏன் ஐயா கடைசி நாள்ல கொண்டு வர்றீங்கன்னு கேட்டுதாம். அதுக்கு உங்கப்பா, அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு, அத்தனை பேர் முன்னாடி நின்னு சொன்னாராம்: "தபால் லேட்டும்மா."

அம்மா