ஃபேடர் போயிட்டாருங்க

காரைக்கால் முழுக்கத் தேடினாலும் ஒரு மேஜைக்கு ‘வாங்க போங்க’ போட்டுப் பேசிய மனிதர் சேனல் ஒருவர்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன்.

சாதாரண மேஜை இல்லை. கோடம்பாக்கத்தில் மூடிவிட்ட பழைய ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றின் மிக்ஸிங் கன்சோல். கட்டில் அகலம். இருபத்துநாலு சேனல், ஒவ்வொன்றிலும் சத்தத்தை ஏற்றி இறக்க ஒரு தள்ளுகட்டை. அதற்குப் பெயர் ஃபேடர். லாரியில் கொண்டுவந்து தன் ஸ்டுடியோவில் இறக்கி, ‘24 சேனல் வசதி உண்டு’ என்று வாசலில் போர்டு மாட்டினார். முதல் வாரம் வந்தவர்கள் அத்தனை பேரும் கேபிள் டிவி இணைப்புக் கேட்டார்கள். கிளிஞ்சல்மேட்டு அம்மா ஒருவர், சீரியல் எத்தனையாவது சேனலில் வரும் என்று தெரிந்துகொள்ளாமல் நகர மறுத்தார். ‘சேனல்’ என்ற பெயர் அவருக்கு அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

காலையில் ஸ்விட்சைப் போட்டதும், “நல்லா தூங்குனீங்களா?” என்று கன்சோலை விசாரிப்பார். அவருக்குக் கன்சோல் ‘அவங்க’, ஃபேடர் ‘அவர்’. டீக்கடை ரேடியோவில் எந்தப் பழைய பாட்டு வந்தாலும் அது அவங்க வழியாகப் போனது என்பார். ஐம்பது வயலினும் பாடகரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒருத்தர் இருமினால் எல்லோரும் முதலிலிருந்து வாசித்த காலத்தை, இருமியதே தான்தான் என்பதுபோல விவரிப்பார். கம்ப்யூட்டர் ஒலிப்பதிவை அவர் டைப்படிப்பதில் சேர்த்துவிட்டார்.

ஊர் டைப்படிக்கப் போய்விட்டது. கட்டடக்காரரோ, கன்சோலைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த ஒரே வேலை எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவின் திருவிழா சிடி. சொன்ன நாளில் முடியாவிட்டால் நாகப்பட்டினம் கம்ப்யூட்டர் ஸ்டுடியோதான் என்று குழுத் தலைவி ஆரோக்கியம் டீச்சர் கறாராகச் சொல்லியிருந்தார்.

பதிவு நாள் காலை நான் காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் நின்றிருந்தேன். செல்போன் அடித்தது. ஏலக் கூச்சலுக்கு நடுவே சேனலின் குரல் தழுதழுத்தது.

“தம்பி, ஃபேடர் நம்மள விட்டுப் போயிட்டாருங்க.”

எங்கள் பங்கு ஃபாதருக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். நான் வேறென்ன நினைப்பேன்? பேரம் முடித்த வஞ்சிரத்தை அங்கேயே விட்டுவிட்டு டீச்சருக்குச் சொன்னேன். டீச்சர் மணியடிக்கும் கோயில்பிள்ளைக்குச் சொன்னார். கால் மணி நேரத்தில் துக்க மணி அடித்தது.

ஃபாதரோ காய்ச்சல் விட்டு, மண்டபத்தூரில் ஒரு வீட்டை ஜெபம் சொல்லி மந்திரித்துவிட்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கோயில் வாசலில் மாலையோடு நின்ற என்னிடம் மணி யாருக்கு என்று விசாரித்தார்.

“உங்களுக்குத்தான் ஃபாதர்” என்றேன். சாமியாரிடம் பொய் சொல்ல முடியுமா?

சேனலுக்குப் போன் போட்டு விஷயம் விளங்கியதும் மாலையோடு எல்லோரும் ஸ்டுடியோவுக்குப் போனோம். போனவர் மாஸ்டர் ஃபேடர். மொத்தச் சத்தமும் அவர் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். விரலால் அழுத்திப் பிடித்தால் சத்தம் வந்தது, விட்டால் நின்றது. சேனலின் இரண்டு கைக்கும் மற்ற இருபத்துநாலு பேரைப் பார்க்கவே நேரம் போதாது. டீச்சர் நாகப்பட்டினம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க ஆரம்பித்தார். சேனல் கன்சோல் மேல் கையை வைத்தபடி நின்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஃபாதர் அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“செத்தது நான்தானே? நானே புடிச்சுக்கறேன்.”

மூன்று மணி நேரம் பிடித்தார். கடைசிப் பாட்டில் சொக்கிப்போய் அந்த விரலாலேயே தாளம் போட்டுவிட, சத்தம் ஏறி ஏறி இறங்கியது. அதை மறுபடி எடுக்கலாமே என்றார் டீச்சர். சேனல் சம்மதிக்கவில்லை.

“இருக்கட்டுங்க டீச்சர். ரெண்டு பேருமே இன்னிக்குப் பொழச்சு வந்தவங்க.”

கன்சோல் இரும்புக்கடைக்குப் போகவில்லை. சிடி இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பாட்டில் சத்தம் இறங்கும்போது வீட்டில் யாராவது ரிமோட்டை எடுத்தால் கையைத் தட்டிவிடுவேன். சேனல் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.