வேகாத காமன்

அன்புள்ள மாப்பிள்ளை வினோஜன் அவர்களுக்கு,

வட்டகொடையிலிருந்து மாமா மாயாண்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை நாகலெட்சுமியும் சுகம். மகள் பிரேமினியும் பேத்தியும் அங்கே சுகமாக இருக்க மாரியம்மா துணை. நீங்கள் அனுப்பிய காமனும் பரிபூரண சுகம். அதுதான் இங்கே பிரச்சினை.

போன வருசம் காமன் கூத்து முடியுமுன்னே மழையில் ஊறிப்போய் வைக்கோல் காமனுக்கு இடுப்பு முறிந்ததால், மழைக்கு அசையாத காமன் ஒன்று வேண்டுமென்று நான்தான் வாய்விட்டுக் கேட்டேன். படகுப் பட்டறையில் மாப்பிள்ளை இருக்கிறார் என்ற பெருமை வேறு. நீங்களும் கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்து உடம்பும், பிசின் ஏற்றி அழுத்திய பலகையில் காலும் செய்து, வளையாது, ஊறாது, படகு எஞ்சின் அறைக்குப் போடுகிற சாமான் என்பதால் தீயும் பிடிக்காது என்று சொல்லி லொறியில் ஏற்றினீர்கள். நானும் சந்தோசமாகத் தலையாட்டினேன். கூத்தின் முடிவில் சிவன் காமனை எரித்தாக வேண்டும் என்பது, வருசா வருசம் கூத்து நடத்துகிற எனக்கும் உறைக்கவில்லை, கோயில் கமிட்டிக்கும் உறைக்கவில்லை.

சிவன் வேசம் கட்டிய அழகுமுத்து பந்தத்தை நீட்டினார். காமன் சிரித்தபடியே நின்றார். மண்ணெண்ணெய் ஊற்றினோம், எண்ணெய்தான் எரிந்தது, மீசைகூடக் கருகவில்லை. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் வெட்டினோம், கத்தி வாய் மடங்கியது. பாறையில் தூக்கிப் போட்டோம், எகிறி வந்து கமிட்டித் தலைவர் காலடியில் விழுந்தார். ரதி வேசம் கட்டிய கணேசமூர்த்தி ஒப்பாரியை ஆரம்பித்து நிறுத்தி, "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்காருங்க, நான் எப்புடிங்க தாலி அறுக்குறது?" என்றார்.

காமன் எரியாம கூத்துக்குக் கையில கட்டுன காப்பை அவுக்க முடியாது, காப்போட தோட்டத்து எல்லையைத் தாண்ட முடியாது. பேத்தி பொறந்து இன்னும் மொகம் பாக்கலைங்க மாப்பிள்ளை. போன்ல காட்டுறீங்க, சிக்னல் போயிருது, பாதி நெத்தியும் ஒரு காதும்தான் தெரியுது. பச்சப்புள்ளய ஒரு தடவ கையில ஏந்தணும், வேற ஒண்ணும் கேக்கல. அலுத்துப்போச்சுங்க. தயவுபண்ணி வந்து உங்க காமனைத் தூக்கிட்டுப் போயிருங்க.

பேத்திக்குக் கண்ணேறு படாமல் அம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
காப்பு அவிழாத மாமா,
மாயாண்டி

பி.கு.: இதை ஒட்டப் போகையில் உங்கள் அத்தை ஒரு கட்டு காய்ந்த மானாப்புல்லைக் கொண்டுபோய்க் காமனைச் சுற்றிக் கட்டி, "உடுத்துன புல்லு எரிஞ்சா அவரு எரிஞ்ச கணக்குத்தான்" என்று கமிட்டியின் முன்னாலேயே கொளுத்திவிட்டாள். கமிட்டியும் சரியென்றது. கணேசமூர்த்தி மனசாற அழுதார். காப்பை அவிழ்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறோம். காமனை எடுக்க வர வேண்டாம், அடுத்த வருசத்துக்கும் அவரே இருக்கட்டும். அந்தச் சாமானில் மிச்சம் இருந்தால் பேத்திக்கு ஒரு தொட்டில் செய்து வையுங்கள். போன வருசம் கீழ் லயத்து வீடுகள் வரிசையோடு எரிந்தது உங்களுக்குத் தெரியும். பிள்ளை நம்ம லயத்துக் காம்பரா வீட்டுக்கு வந்தால் அதில்தான் படுக்க வேண்டும்.