ஒற்றைக் கண்ணுக்கு வைத்த பொட்டு

அளவுக்கு மீறி மரியாதை காட்டுகிறவர்கள் கையில் நுட்பமான கருவிகளைக் கொடுக்கவே கூடாது. அதற்கு நானே சாட்சி.

தொண்ணூறுகளில் காரைக்குடியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ஒளியைத் துகள் துகளாக அனுப்பி ரகசியம் பேசலாம், நடுவில் யாராவது ஒட்டுக்கேட்டால் தெரிந்துவிடும் என்று உலகம் பேசத் தொடங்கியிருந்த காலம். வந்த துகளை எண்ணுவதற்கு என்னிடம் ஒரு டயோடு இருந்தது. கடுகளவு கண். ஒரே ஒரு துகள் பட்டாலும் உள்ளே மின்சாரம் சரசரவென்று பெருகி, கவுன்ட்டரில் ஓர் எண் ஏறும். என் டயோடோ யாரும் எதையும் அனுப்பாமலே எண்ணித் தள்ளியது. (கேட்காமலே ஊர்க்கதை சொல்லும் என் பெரியம்மா மாதிரி.) டயோடே மட்டம் என்று முடிவுகட்டினேன். எண்ணிக்கை அடங்காவிட்டால் உதவித்தொகை நீளாது. நீளாவிட்டால் சொந்த ஊரான நாச்சியாபுரத்துக்கு வந்து, காட்டுகிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அப்போது ஆயுத பூஜை வந்தது. எனக்கு இளையவளான ஆராய்ச்சி மாணவி வள்ளி, சந்தனக் கிண்ணத்தோடு எல்லாக் கருவிக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, டயோடை வெளிச்சம் படாமல் வைத்திருந்த என் பெட்டி முன்னால் தயங்கினாள்.

"நீங்க வேதக்காரவுக. சங்கடமா இருந்தா விட்டுருவோம்க்கா."

விடுவேனா? கிறிஸ்தவப் பெண் அடுத்தவர் பூஜையில் குறை வைத்தாள் என்ற பேர் எனக்கெதற்கு? நானே மூடியைத் திறந்து, டயோடைப் பிடித்திருந்த உலோகத் தட்டில், கண்ணுக்கு நேர் மேலே, நெற்றி என்று நான் கருதிய இடத்தில் தாராளமாக அப்பினேன். பிறகு மூடிக் கறுப்புத் துணியைப் போர்த்தினேன்.

விடுமுறை முடிந்து வந்து, டயோடின் தட்டைக் குளிர்விக்கிற குளிரூட்டியைப் போட்டால், எண்ணிக்கை அடங்கிக் கிடந்தது. மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டு, எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, வெளியூரில் இருந்த பேராசிரியரிடம் வெற்றி வெற்றி என்று கத்தினேன். மனிதர் உதவித்தொகையை முடிவு செய்கிற பெரியவரையே கையோடு அழைத்து வந்துவிட்டார்.

அவர்கள் முன்னால் மெல்லிய ஒளியை அனுப்பினேன். எண் ஏறவில்லை. ஒளியைக் கூட்டினேன். அப்போதும் ஏறவில்லை.

"ரகசியம் ரொம்பப் பத்திரமா இருக்கும்மா" என்றார் பெரியவர். "போயே சேராதுல்ல."

பேராசிரியர் மூடியைத் திறந்தார். குளிர்ந்த தட்டில் ஈரம் கோத்து, சந்தனம் வழிந்து டயோடின் கண்ணை நன்றாக அடைத்திருந்தது. என்ன இது என்று கேட்டார். பொட்டு சார் என்றேன். அழுகை வந்துவிட்டது. நாச்சியாபுரம் பஸ் கண்ணுக்குத் தெரிந்தது.

பெரியவர் மட்டும் கவுன்ட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழாதம்மா. கண்ணை மூடுனா எண்ணாம இருக்குல்ல? அப்ப டயோடு நல்ல டயோடு. ஒன் பெட்டியிலதான் எங்கயோ வெளிச்சம் ஒழுகுது."

ஒழுகியது ஒயர் நுழைகிற ஓட்டை வழியாக. அதை அடைத்து, கண்ணை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. உதவித்தொகை நீண்டது, அப்பா பார்த்த மாப்பிள்ளையும் வேறிடம் பார்த்துக்கொண்டார். அதனால்தான் வள்ளியின் அண்ணனைக் கட்டிக்கொள்ள முடிந்தது. (அதில் நடந்த கலவரம் தனிக்கதை.)

கண்டரமாணிக்கத்தில் என் மாமியார் வீட்டில் ஆண்டுதோறும் ஆயுத பூஜை நடக்கிறது. டிராக்டர், மிக்ஸி, கம்ப்யூட்டர் என்று எதற்குப் பொட்டு வைப்பதானாலும், என் கணவர் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் என்னைத்தான் கூப்பிடுவார்.

"இதுக்குக் கண்ணு எங்குட்டு இருக்குன்னு சொல்லிட்டு, நீ அங்குட்டுப் போய் நில்லு."