ஊருக்கு அனுப்பிய படம்

"என் மகளுக்குச் சோறு போடுகிறீர்களா, இல்லையா?"

கோவில்பட்டியிலிருந்து மாமனார் எழுதிய கடிதத்தில் நலம் விசாரிப்புக்கூட இல்லை. எடுத்த எடுப்பில் இதுதான். உமாபதி அதை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். நல்லவேளை, மனைவி செண்பகவல்லி பார்க்கவில்லை.

தப்பு அவனுடையதுதான். டொரண்டோவில் ஒரு பெண்கள் பத்திரிகையில் அவனுக்குப் புகைப்படங்களைத் தூரிகையால் திருத்தும் டச்சப் வேலை. அட்டைக்கு வரும் மாடல்களின் இடுப்பைச் சுருக்குவான். தாடைக்கு அடியில் உள்ள சதையை அழிப்பான். ஈர்க்குச்சி போல இருப்பவளைக் காட்டியும் "இன்னும் கொஞ்சம்" என்பாள் ஆசிரியை. ஆறு வருஷப் பழக்கம். போன மாதம், ஊருக்கு அனுப்பச் சொல்லிச் செண்பகம் ஸ்டூடியோவில் எடுத்த தன் படத்தைக் கொடுத்தபோது, கை தானாகப் போய் அவள் இடுப்பையும் குறைத்துவிட்டது. அவள் அப்பாவும் அம்மாவும் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்றுதான் நினைத்தான்.

இப்போது சோற்றுக்கணக்குக் கேட்கிறார்கள்.

அன்று மாலையே செண்பகத்தை அடுப்படியில் நிறுத்தி வேறு படம் எடுத்தான்.

"எதுக்குங்க திடீர்னு?"

"சும்மாதான். சிரி."

படத்தை அப்படியே அனுப்பியிருக்கலாம். மாமனாரின் சந்தேகம் அடியோடு தீரட்டுமே என்று கொஞ்சம் சதையைக் கூட்டினான். குறைத்தே பழகிய கை. அதற்குக் கூட்டத் தெரியவில்லை. கூட்டிய சதை முழுக்க வயிற்றில் போய் உட்கார்ந்தது. கவனிக்காமல் தபாலில் சேர்த்துவிட்டான்.

மூன்றாம் வாரம் தந்தி வந்தது. வாங்கியவள் செண்பகம்.

"அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷமாம். தெரு முழுக்கக் கற்கண்டு குடுத்தாச்சாம். எத்தனை மாசம்னு கேக்கிறார்" என்றாள். "என்ன சொல்லட்டும்?"

கல்யாணமாகி எட்டு வருஷம். அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

"நீ மெலிஞ்சுட்டேன்னு பயந்துட்டார். அதான்..."

"நான் எங்க மெலிஞ்சேன்?"

"படத்துல."

எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் தந்தியைச் சுருக்கம் நீங்கத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பத்திரிகையில முகம் தெரியாதவங்களைச் செதுக்குறீங்க, அது உங்க வேலை. எங்கப்பா பாக்க ஆசைப்பட்டது என்னைங்க."

உள்ளே போய்விட்டாள். அம்மாவுக்குக் கற்கண்டைப் பற்றி எப்படி எழுதுவது என்று மேசையில் வெறும் தாளை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததை, கதவிடுக்கில் பார்த்தான்.

மறுநாள் ஆசிரியை ஒரு பெண்ணின் படத்தை நீட்டினாள். "தோள்பட்டை பெரிசா இருக்கு. குறைச்சிடுங்க."

உமாபதி முதன்முறையாகத் தூரிகையைக் கீழே வைத்தான். "இதுக்கு என்ன குறை? நம்ம பத்திரிகை வாங்குறவங்க யாருக்காவது நீங்க கேக்குற அளவுக்குச் சின்னத் தோள் உண்டா?"

"இல்லை. அதனாலதான் வாங்குறாங்க."

அவன் படத்தைத் தொடாமலே திருப்பிக் கொடுத்தான். அவள் அதைப் பக்கத்து மேசைக்காரனிடம் கொடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

அரைநாள் லீவு போட்டு, நகரின் ஓரத்தில் இருக்கும் அஜின்கோர்ட்டுக்குப் பஸ் பிடித்தான். செண்பகத்தைப் படம் எடுத்த குலசிங்கத்தின் ஸ்டூடியோ அங்கேதான். யாழ்ப்பாணத்துக்காரர். மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதம் பையில் இருந்தது. கூடவே உண்மையான படம் ஒன்றை வைத்து அனுப்பிவிட்டால் போதும்.

"அண்ணே, செண்பகம் படத்துல இன்னொரு காப்பி வேணும். நான் கைவைச்சுக் கெடுத்துட்டேன். எப்படி இருந்துச்சோ அப்படியே குடுங்க."

குலசிங்கம் அலமாரியைத் துழாவி ஒரு உறையை எடுத்தார். உடனே கொடுக்கவில்லை.

"எதைத் தாறது, தம்பி? அவ இருந்த மாதிரியோ, உங்களிட்டத் தந்த மாதிரியோ?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்லை, 'அவர் நாள் முழுக்க மெல்லிசான பொம்பிளையளைத்தான் பாக்கிறவர், இதையும் கொஞ்சம் மெலிவாக்கித் தாங்கோ' எண்டு செண்பகம் கேட்டு, உங்களிட்டக் காட்ட முதலே என்னைக் கொண்டு இடுப்பைக் குறைப்பிச்சவ. கட்டின மனுசியை நாளாந்தம் பாத்தும் உங்களுக்கு அது தெரியேல்லையே?"